ஓடாத பஸ்ஸில் என் முகம்

என் முகம் முதன்முதலில் அச்சில் வந்தது ஒரு பொய்யோடு சேர்ந்துதான். அப்போது நான் நான்காம் வகுப்பு. முன்பல் விழுந்திருந்தது. அந்தப் படத்தில் நான் ஓட்டைப்பல் தெரியச் சிரித்தபடி ஒரு பஸ்ஸின் ஜன்னலில் கையூன்றி உட்கார்ந்திருப்பேன். கீழே, ‘பேருந்து வசதி கிடைத்த மகிழ்ச்சியில் பள்ளி மாணவி’ என்று போட்டிருக்கும். நான் படித்த பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. உனக்கு எதற்கு பஸ் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் வந்தது எங்கள் எம்.எல்.ஏ. மாதாமாதம் அடித்துக் கொடுத்த செய்தி மடலில். நாலு பக்கம், வழுவழுப்பான தாள், கலர். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கப் போகிறவர்கள் கையில் ஒன்றைத் திணித்துவிடுவார்கள். முதல் பக்கத்தில் சட்டசபையில் அவர் தொகுதிக்காக என்ன கேட்டார், மந்திரி என்ன சொன்னார் என்று இருக்கும். அவர் கேட்டது நீளமாக இருக்கும். மந்திரியின் பதில் பெரும்பாலும் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதோடு முடிந்துவிடும். உள்ளே எந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு, எந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி என்ற விவரம். கடைசிப் பக்கத்தில் அவர் போய்வந்த காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு. துக்க வீட்டிலும் அவர் கேமராவைப் பார்த்துத்தான் நிற்பார்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பு தாண்டி, மெயின் ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தை விலக்கு என்போம். விலக்கில் எந்த பஸ்ஸும் நிற்காது. ஊருக்குள் தவறாமல் வந்துபோன வண்டி நூல் மில்லின் வேன் மட்டுந்தான். மழை பெய்தாலும் திருவிழாவானாலும் ஷிப்ட் நேரத்துக்கு வந்து ஹாரன் அடிக்கும். பத்தாவது முடித்த பெண்கள், முடிக்காத பெண்கள், எல்லோரும் டிபன் டப்பாவோடு அதில் ஏறிப் போவார்கள். அப்பாவின் மூத்த சகோதரியான என் அத்தையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். புகுந்த வீடு ஒத்துவராமல் எங்களோடு வந்து இருந்தவள். சேலைக்கு மேல் மில்லில் கொடுத்த நீலக் கோட்டு. அவள் தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அந்தப் பேச்சை யாரும் திருப்ப முடியாது.

அந்த வருஷம் என் அக்கா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அவள் கேட்ட சயின்ஸ் குரூப் டவுனில்தான் கிடைத்தது. இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் போய்வருவது எப்படி? விலக்குவரை நடந்து, அங்கிருந்து லாரிகள் பறக்கிற ரோட்டோரமாகத் தாடிக்கொம்புவரை நடந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. பயந்த மனுஷர். பஸ் வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் மில் வேன் வாசலுக்கே வருகிறதே என்றார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கேற்ற மாதிரி ஊருக்கு பஸ் விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சொன்னபடியே ஒரு காலையில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சீரியல் பல்ப் சுற்றி பஸ் வந்தது. எம்.எல்.ஏ. கொடியசைத்தார். அவருடைய உதவியாளர், செய்தி மடலைத் தயாரிப்பவர், கழுத்தில் கேமராவோடு ஓடிக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் முதலில் அக்காவைத்தான் உட்காரச் சொன்னார்கள். அவளுக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டாள். சின்னப் பிள்ளையை வையுங்கள், சிரிக்கும் என்று யாரோ சொல்ல, என்னைத் தூக்கி வைத்தார்கள். நான் சிரித்தேன். இன்றைக்கும் யார் கேமராவை நீட்டினாலும் எனக்கு அதே சிரிப்புதான் வருகிறது.

அந்த பஸ் ஒரு வாரம் ஓடியிருக்கும். அப்புறம் டிரைவர் லீவு என்றார்கள். பிறகு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்றார்கள். கடைசியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பஸ் நின்று போன பிறகுதான் அந்த மாதத்து மடல் வந்தது, என் படத்தோடு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கி, டி.வி.க்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தேன். வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அதே நாட்களில் என் அக்கா விலக்குவரை நடந்துபோய், நிற்காத பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே விஷயம் என்று தெரியாது.

அத்தை தன் வார லீவில் டிப்போவுக்குப் போனாள். பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்தவர் மேஜை மேலிருந்த செய்தி மடலையே எடுத்து அவள் முன்னால் வைத்து, உங்கள் ஊர் பஸ் ஓடுகிறதென்று எம்.எல்.ஏ. மடலிலேயே போட்டிருக்கிறதே, ஓடுகிற பஸ்ஸுக்கு என்னம்மா மனு என்று கேட்டாராம். அத்தை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவருக்கு முன்னால் நின்று என் படத்தைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்து எடுத்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று கம்போடு வந்தார் ஒருவர்.

அடுத்து எம்.எல்.ஏ. ஆபீஸ். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். படத்திலிருப்பது நான்தான் என்று காட்டுவதற்காக. உதவியாளர் நல்ல மாதிரி மனுஷர். நாற்காலி போட்டார், டீ சொன்னார், என் கன்னத்தைத் தட்டினார். அத்தை டீயைத் தொடவில்லை. பஸ் ஓடவில்லை என்று அடுத்த மடலில் ஒரு வரி போடுங்கள், அதைக் காட்டினால்தான் டிப்போவில் மனு வாங்குவார்கள் என்றாள். அவர் மிகவும் பொறுமையாக, இந்த மடலின் நோக்கமே வேறு, இதில் நல்ல செய்திகளை மட்டுந்தான் போடுவது என்று விளக்கினார்.

“அப்பச் சரி,” என்றாள் அத்தை. “பஸ்ஸு நின்னுபோச்சு, அதனால மில்லுக்கு இந்த வருசம் நெறையாப் பொம்பளப்புள்ளக கெடைக்கும்னு போடுங்க. மில்லுக்காரகளுக்கு நல்ல சேதிதான அது.”

அவர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை.

வீட்டில் பெரிய சண்டை. ஆளுங்கட்சியை, அதிகாரிகளைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்க முடியுமா என்றார் அப்பா. அம்மா இரண்டு பக்கமும் பேசாமல் அடுப்போடு பேசினாள். பிளஸ் ஒன் வகுப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. அக்கா வாங்கிய புது நோட்டுகளைப் பரணில் ஏற்றச் சொன்னார் அப்பா. மறுநாள் காலையில் அத்தை மில் வேனுக்குப் போகவில்லை. பரணிலிருந்து நோட்டுகளை இறக்கி, அக்காவை யூனிபார்ம் போடச் சொல்லி, என் கையையும் பிடித்துக்கொண்டு விலக்குக்கு நடந்தாள்.

வேடசந்தூர்ப் பக்கமிருந்து கூட்டமாக ஒரு பஸ் வந்தது. அத்தை ரோட்டோரத்தில் நின்று கை காட்டவில்லை. ரோட்டின் நடுவில் போய் நின்று, மடலை விரித்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். டிரைவர் கிறீச்சென்று பிரேக் போட்டார். கண்டக்டர் இறங்கி வந்து, இங்கே ஸ்டாப்பிங் கிடையாது, ஓரமாகப் போ என்றார்.

“பஸ்ஸே ஓடுதுன்னு போட்டுருக்குய்யா,” என்றாள் அத்தை. “ஸ்டாப்பிங் இல்லாமயா ஓடுது? இதுல இருக்குறது இந்தப் புள்ளதான். நல்லாப் பாத்துக்க.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் சிரித்தேன்.

பின்னால் லாரிகள், வேன்கள், டூவீலர்கள் என்று சேர்ந்துகொண்டே போயின. பஸ்ஸில் இருந்தவர்கள் ஏசினார்கள். நேரமாகிறது என்றார்கள். பைத்தியக்காரி என்றார் ஒருவர். அத்தை தார் ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடுவதுபோலத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அத்தை அதை விலக்கிவிட்டாள். நீ என்ன திருடினாயா என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்குள்ளிருந்து மில் வேன் வந்து, விலக்கில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வேன் ஜன்னல்களில் எல்லாம் நீலக் கோட்டுகள். முதலில் ஒருத்தி இறங்கினாள். அவளும் அக்காவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முந்தின மாதம்தான் மில்லுக்குச் சேர்ந்திருந்தாள். வந்து அத்தைக்குப் பின்னால் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து இன்னொருத்தி. டிரைவர் சூப்பர்வைசரின் பேரைச் சொல்லி மிரட்டினார். வேன் காலியானது.

போலீஸ் வந்தது. டிப்போவிலிருந்து ஒருவர் வந்தார். உதவியாளர் வேர்த்து விறுவிறுத்து டூவீலரில் வந்து, போனில் எம்.எல்.ஏ.வோடு பேசிக்கொண்டே இருந்தார். அத்தைக்குப் போனைக் கொடுத்தார்கள். எம்.எல்.ஏ. என்ன சொன்னாரோ தெரியாது. அத்தை கேட்டுக்கொண்டு, “நீங்க சொல்றது இருக்கட்டுங்கய்யா, புள்ளைக்கு மொதப் பீரியடு போகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த பஸ்ஸிலேயே அக்கா ஏறிப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து காலையிலும் மாலையிலும் அந்த பஸ் விலக்கில் நிற்கும் என்று டிப்போக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்னபடி நின்றது. மாலையில் அப்பாவே சைக்கிளோடு விலக்கில் காத்திருந்து அக்காவை ஏற்றிக்கொண்டு வருவார். அத்தையை மில்லில் சில நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவள் வீட்டில் இருந்துகொண்டு கொல்லையில் கத்திரிக்காய் பறித்தாள். பிறகு ஆள் பற்றாமல் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அந்த மாதத்து மடலில், ‘எம்.எல்.ஏ.வின் இடைவிடாத முயற்சியால் புதிய பேருந்து நிறுத்தம்’ என்று வந்தது. பஸ்ஸுக்கு முன்னால் அவர் கை கூப்பி நிற்கிற படம். அத்தையின் பேரில்லை. என் படமும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய துக்கம். அத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து முடித்தாள். போன மாதம் போட்டது தப்பு என்று எங்கேயும் இல்லை.

வார லீவு வந்ததும் அவள் மறுபடி கிளம்பினாள். விலக்கில் பஸ் ஏறி, எம்.எல்.ஏ. ஆபீஸில் போய் அதே ஒரு வரியைக் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும். உதவியாளர் நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். ஊரில் சிரித்தார்கள். அக்காவே, போதும் அத்தை, கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்று அழுதாள். அப்பாவால் கடைசியில் பொறுக்க முடியவில்லை.

“அதான் பஸ்ஸு நிக்கிதுல்லக்கா. இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?”

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பஸ்ஸு வேற, பொய்யி வேற,” என்றாள்.

அந்த வரி கடைசிவரை அச்சாகவில்லை. அடுத்த தேர்தலில் எம்.எல்.ஏ. மாறினார். மடலின் பேர் மாறியது, தாளின் வழுவழுப்பு மாறவில்லை. அத்தை புது ஆபீஸுக்கும் போனாள். அது எங்கள் காலத்தில் நடந்தது இல்லையே அம்மா என்று அவர்கள் சொன்னபோது, சொல்லுகிற நாற்காலி அதேதானே என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.

அந்த முதல் வருஷத்திலேயே ஒருமுறை அவளோடு நானும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயில் காலம். விலக்கில் இறங்கி நடந்தோம். அப்பாவிடம் அவள் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடாத பஸ்ஸை ஓடுகிறது என்று போட்டார்கள், அது பொய். சரி. இப்போதுதான் பஸ் வந்துவிட்டதே. அப்படியானால் பொய்யும் உண்மையாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்கும்போது அத்தைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று, அவள் வேக நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் பின்னால் ஓடியபடியே, அவளுக்காக நான் மிகவும் பரிதாபப்பட்டேன்.