பாதி வேகத்தில் ஓடிய படங்கள்

வலியசாலை ராமசுப்ரமணியன் வீட்டுக்குள் மின்சாரமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும் என்று தெருவில் சொல்வார்கள். முப்பத்துநான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு மிச்சமிருந்தது சொந்த வீட்டு மீட்டர் ஒன்றுதான். ஆள் எழுந்தால் ஃபேன் நிற்கும். ஆள் திரும்பினால் விளக்கு அணையும். கதவைச் சாத்தினதும் ஃப்ரிட்ஜுக்குள் விளக்கு அணைகிறதா என்று பார்க்க அவரே உள்ளே உட்காரத் தயாராக இருந்தார். தயிர்ப் பாத்திரம்தான் இடம் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. சினிமா. இருநூற்று நாற்பது ப்ளூ-ரே டிஸ்க் சேர்த்து வைத்திருந்தார். போன ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் அவற்றில் பூஞ்சை பிடித்து, தேமல் மாதிரி படர ஆரம்பித்தது. மனுஷர் பதறிப்போய் ஒவ்வொன்றாகத் துடைத்து, தரம் துளியும் குறையாமல் கூடத்து மூலையிலிருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். மூன்று மாசம் பிடித்தது.

ஏற்றி முடித்துப் போட்டுப் பார்த்தால் படம் நொண்டியது. வசனம் முன்னால் ஓட, வாய் பின்னால் வந்தது. கதாநாயகன் வாளை உருவினதும் இவர் எழுந்துபோய் உப்புமா கிண்டிச் சாப்பிட்டு, கையலம்பிவிட்டு வந்தாலும், வில்லன் சாகாமல் காத்துக்கொண்டிருந்தான்.

மனைவி விஜயலக்ஷ்மிக்கு அந்தக் கூடத்து மூலைமேல் வெகுநாளாகக் கண். கம்ப்யூட்டர் வந்த அன்று அவளுடைய தையல் மெஷின் அங்கிருந்து சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. அதிலிருந்து அவள் தைத்த ரவிக்கை எல்லாம் பெருங்காயம் மணக்கிறது.

"ஞாயித்துக்கிழமை ஒரு படம் தலையிலேர்ந்து வால்வரைக்கும் நிக்காம ஓடணும்" என்றாள். "ஒரு தடவை நின்னாலும் இது மச்சுக்குப் போகும், மெஷின் இங்க வரும். மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. கிழக்கேகோட்டைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார். படம் ஓட்டும் மென்பொருளை மூன்று முறை மாற்றினார். பெட்டி சூடாகிறதோ என்று சந்தேகம் வந்தது. ஃபேன் போட மனசில்லாமல், பனையோலை விசிறியை எடுத்து ஒரு மத்தியானம் முழுக்க அதற்கு வீசினார். பெட்டி குளிர்ந்தது, தோள்பட்டை சூடாயிற்று, படம் அதே நொண்டல்.

ஞாயிறு காலை கழக்கூட்டத்திலிருந்து மருமகள் ஸ்மிதா வந்தாள். ஐ.டி. பார்க்கில் வேலை. படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னலைத் திறந்து காட்டினாள். ப்ராசஸர் எவ்வளவு வேகமாக உழைக்கிறது என்று காட்டும் கோடு. அதுவும் ஒரு மீட்டர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோடு விறுவிறுவென்று ஏறி, சரியாகப் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

"அம்பது சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு யாரோ செட்டிங்ஸ்ல கட்டி வச்சிருக்கா, அப்பா."

கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே, கரன்ட் குடிக்குமே என்று பவர் சேவரைத் தேடிப்பிடித்து, வேகத்தைப் பாதியாக்கி வைத்தவர் ராமசுப்ரமணியன்தான். விற்றவன் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். விஜயலக்ஷ்மி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றார்.

ஸ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு மௌஸை அவர் கையிலேயே கொடுத்தாள். ஐம்பதை நூறாக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில், தம்பானூரில் கிளம்பிய ரயில் நாகர்கோவில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்புறம் படம் எண்ணெய் ஒழுகுகிற மாதிரி ஓடியது. பத்து நிமிஷத்தில் விஜயலக்ஷ்மி தரையில் உட்கார்ந்தாள். பாதிப் படத்துக்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசிக் காட்சி நெருங்கும்போது உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

"சித்த நிறுத்துங்கோ. அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

"நிறுத்த மாட்டேன். ஒரு தடவை நின்னாலும் மச்சுன்னு சொன்னது நீயாக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. குக்கர் இன்னும் ஏழெட்டு முறை கூவித் தொண்டை கட்டிய பிறகுதான் படம் முடிந்தது.

கம்ப்யூட்டர் அந்த மூலையிலேயேதான் இருக்கிறது. அன்று மத்தியானம் பருப்பு கூழாகிப் போயிருந்தது. மூன்று பேரும் அதிலேயே ரசத்தை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள்.