ஜீரோ சார்

எங்கள் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரரின் பெயர் ஜிரோ. நம் ஆட்கள் வாயில் அது முதல் நாளே ஜீரோ ஆகிவிட்டது. அரபு நாட்டுத் துறைமுகமான ஜெபல் அலியில் புதிதாகத் திறந்த கிடங்கு அது. காலையில் அவர் வண்டி வந்து நின்றதும், "யல்லா, எந்திரிங்கடா, ஜீரோ வாட்ஸ் பல்பு வந்துருச்சு" என்பான் என் ரூம்காரன். நானும் சிரிப்பேன். சிரிக்க எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் ஊரில் என் மகன் காய்ச்சலில் போனான். எட்டு மாதப் பிள்ளை. போட்டோவில் பார்த்ததோடு சரி. லீவு கேட்டேன், அடக்கமெல்லாம் முடிந்த பிறகு கொடுத்தார்கள்.

அந்த லீவில் போய்வந்த பின் இன்னொரு மகன் பிறந்தான். போனவனைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பச்சைப் பிள்ளைக்கு ஆகாதாம். பார்க்க வருகிறவர்கள் "தலைச்சனா?" என்று கேட்டால் "ஆமா" என்று முந்திக்கொண்டு சொல்வாராம். மனைவி இதைப் போனில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? எத்தனை பிள்ளைகள் என்று இங்கே யாராவது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எதற்கு என் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள் என்று ஜிரோ என்னிடம் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். பிறகு அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். ரோ என்றால் ஆண்பிள்ளை. மூத்தவன் இச்சிரோ, அடுத்தவன் ஜிரோ, மூன்றாமவன் சபுரோ. அவர்கள் நாட்டில் பழைய காலத்தில் பிறந்த வரிசைப்படியே பெயர் வைத்துவிடுவார்களாம்.

"அப்ப உங்க அண்ணன் என்ன பண்றாரு?" என்றேன்.

அண்ணன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டானாம். இவர் பிறந்தது அதற்குப் பிறகு.

"அப்புறம் எதுக்கு சார் ரெண்டாவதுன்னு பேரு?"

என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. மூத்தவன் பிறந்தானே, நான் இரண்டாவதுதானே என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளற ஆரம்பித்தார். நான் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தேன். கண் தெரியாமலிருக்க வெயில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள்.

"சின்னவன் என்ன பண்றான்?" என்றேன்.

போன் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வீட்டில் யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை.

"என்ன சொன்னீங்க?"

"சின்னவன். நம்ம சின்னவன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். மூத்தவன் போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். பின்னால் "யாரு, என்னவாம்?" என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"சின்னவன் தூங்குறான்ங்க."