சங்கரி விட்டுக்கொடுத்த வழக்கு

சங்கரிக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று தங்கை கீர்த்தி வீட்டுத் தறிக்குழிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டாள். காரணம் தெரிந்ததும் அப்பா குமாரசாமி கையிலிருந்த நெசவு நாடாவை வீசிவிட்டு எழுந்தார். அதற்குள் தெருப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். போலீசுக்குப் போனால் பெண்ணின் பேர் கெடும், டியூஷன் எடுத்த வரதராஜன் வாத்தியார் தெருவைக் காலி செய்துகொண்டு போகட்டும் என்று பேசி முடித்தார்கள். அவருடைய சாமான்களை மினிலாரியில் ஏற்ற ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். சங்கரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த ஆத்திரம்தான் அவளைப் படிக்க வைத்தது. சமூகப்பணி படித்து, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். தென்னேரிப் பக்கம் ஒரு குழந்தைத் திருமணத்தை நிறுத்தி, கல்யாண வீட்டாரிடம் அடி வாங்கினாள். சித்தப்பாவுக்குப் பயந்து பேச்சே நின்றுபோன ஒரு சிறுவனோடு, அவன் வாய் திறக்கும்வரை நாள்கணக்கில் கேரம் ஆடினாள். பிடிபட்ட ஒவ்வொருவன் முகத்திலும் வரதராஜனைத் தேடினாள். அதை மட்டும் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நதியா என்ற தையல்காரப் பெண் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"டியூஷன் சார் பேரைச் சொன்னாலே புள்ள நடுங்குதுக்கா. ராத்திரியெல்லாம் அழுதுக்கினு இருக்குது."

"சார் பேரு என்னாம்மா?"

"வரதராஜன்."

நதியா போனில் காட்டிய படத்தில் அதே முகம். சங்கரி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் தன் கையையே கடித்தாள். வெளியே வந்தவள் நேராக அதிகாரி துர்காதேவியிடம் போனாள்.

"மேடம், இந்தக் கேஸை யேசுதாஸ் பார்க்கட்டும். என் தங்கச்சியைக் கெடுத்தவன் இவன். நான் கை வச்சா, பழைய பகையில ஜோடிச்ச கேஸுன்னு அவன் வக்கீல் உடைச்சிடுவாரு."

"உன்னால சும்மா இருக்க முடியுமா?"

"அவன் உள்ள போவணும் மேடம். அதுக்காக இருப்பேன்."

சக களப்பணியாளன் யேசுதாஸ் நிதானமாக வேலை பார்த்தான். வரதராஜன் கைதானார். அந்தக் காலத்தில் தெருவில் பஞ்சாயத்து பேசியவர்களில் ஒருவரான ராஜகோபால் சங்கரியைத் தேடி வந்தார்.

"வயசான மனுஷன்மா. ஊரை உட்டே போயிடறேன்னு சொல்றாரு."

"அன்னிக்கும் போனாரு மாமா. போன எடத்துல புள்ளைங்க இல்லியா?"

ராஜகோபால் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஒவ்வொரு விசாரணைக்கும் சங்கரி விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், வரதராஜனின் கண்ணில் படும்படி விசாரணை அறை வாசலில் உட்கார்ந்தாள். அவர் தலைச்சாயம் வெளுத்தது, சட்டை தொளதொளத்தது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அப்படி இனித்ததற்காக அவள் வெட்கப்படவுமில்லை. ஒருநாள் தாழ்வாரத்தில் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ குமாரசாமி பொண்ணு இல்ல? பழசை மனசுல வச்சிக்கினு பழிவாங்கறியா?"

"ஆமா சார். ஆனா சாட்சி சொல்றது நான் இல்ல."

நதியாவின் மகள் தனியறையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். இருபது வருஷம் சிறை என்று தீர்ப்பானது.

திருப்பூரில் இருக்கும் கீர்த்திக்குச் சங்கரி போன் செய்து தீர்ப்பைச் சொன்னாள். 

"வெளிய வந்துடுவானாக்கா?"

"அப்பீல் போவான். அங்கயும் போய் உக்காருவேன்."

"சொல்லு, நானும் வரேன்" என்றாள் கீர்த்தி.