நாற்றம் எடுக்கும் வேலை

என் அம்மா மார்பில் இருந்த புண்ணை ஏழு மாதம் சமையல் சோடாவால் மறைத்து வைத்திருந்தாள். கட்டி அதற்கும் முன்பே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒரே மகன். எனக்கும் தெரியாது.

பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கி விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. நாற்றம் எடுப்பது அம்மாவின் வேலை. மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மூடிக் கிடந்த ஃப்ரிட்ஜ்கள்தான் அங்கே அதிகம் வரும். உள்ளே இறைச்சி கரைந்து வழிந்திருக்கும். பால் பாளமாக ஒட்டியிருக்கும். தட்டுகளை உருவி வெளியே போட்டு, வெந்நீரில் சோடாவைக் கரைத்து உள்பக்கம் முழுக்கத் துடைப்பாள். கதவு ரப்பரின் மடிப்புகளுக்குப் பழைய பல் பிரஷ். பின்பக்கம் தண்ணீர் வடியும் தட்டை ஒருநாளும் மறக்க மாட்டாள். பாதி நாற்றம் அங்கேதான் குடியிருக்கிறது என்பாள். பிறகு உள்ளே சோடாவைப் பரப்பி வைத்து இரண்டு நாள் மூடிவிடுவாள். மூன்றாம் நாள் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஆழமாக மூச்சை இழுப்பாள். அவள் தலையை ஆட்டினால்தான் வண்டி விற்பனைக்கு முன்னால் வரும். ஃப்ரிட்ஜை அங்கே வண்டி என்றுதான் சொல்வார்கள். முதலாளி அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா.

வாசனைத் திரவியம் எதையும் தொட மாட்டாள். "அது நாத்தத்துக்குப் பவுடர் பூசி உக்கார வைக்கிற வேலை. எடுக்கணும்னா எடுக்கணும்."

வீட்டிலும் சோடாதான். சிங்க், குளியலறைத் தரை, சீப்பு, தேநீர்க் கறை பிடித்த கோப்பை. ஞாயிற்றுக்கிழமை பல் துலக்க ஒரு சிட்டிகை. குளித்ததும் அக்குளில் லேசாக. என் பள்ளிக்கூட ஷூவுக்குள் தினமும் ஒரு ஸ்பூன். வகுப்பில் என் கால் மட்டும் நாறாது. அதை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட.

நான் படித்தது வேதியியல். வேறு ஊரில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். போன வருடம் ஒருநாள் போனில் கேட்டாள்.

"ஏண்டா, புளிச்ச நாத்தமெல்லாம் சோடாவுக்குப் போயிடுது. அழுகின நாத்தம் மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது?"

கடை விஷயம் என்று நினைத்தேன். எனக்கு உற்சாகமாக இருந்தது. புளித்த நாற்றம் அமிலம், சோடா அதைப் பிடித்துக்கொள்ளும். சதை அழுகும் நாற்றத்தில் காரமும் இருக்கிறது, அதைச் சோடாவால் பிடிக்க முடியாது என்றேன்.

"அப்போ அதுக்கு என்னடா செய்ய?"

"கரி வை. நல்லாப் பொடிச்சு வை."

அடுத்த முறை போனபோது கட்டிலுக்கு அடியில், அலமாரியில், ஜன்னல் ஓரத்தில் எல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கரிப்பொடி. என் பேச்சைக் கேட்டிருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். கரியையும் சோடாவையும் மெல்லிய துணியில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள் என்பது தெரியவில்லை. வீட்டில் எந்த நாற்றமும் இல்லை.

நான்கு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அம்மா மூக்குக்கு ஏதோ ஆயிடுச்சு. அவங்க சரின்னு சொன்ன மூணு வண்டி திரும்பி வந்திருக்கு. எனக்கே நாத்தம் தாங்கலை, அவங்க உள்ள தலையை விட்டுட்டு ஒண்ணும் இல்லைங்கிறாங்க. கேட்டா சளின்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் பாருங்க."

மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வர மாட்டேன் என்று இரண்டு நாள் அடம் பிடித்தாள். அந்த டாக்டர் அவள் மூக்கை இரண்டே நிமிடம் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவைத் திறந்து, அம்மாவின் மார்பில் புண் அழுகியிருக்கிறது என்றார். மூக்கில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரே நாற்றத்தோடு மாதக்கணக்கில் இருந்தால் எந்த மூக்கும் மரத்துப்போகும்.

"ஏம்மா சொல்லலை?"

"ஆம்பளைப் பிள்ளைகிட்ட எதைக் காட்டி எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு, "நாறுற வண்டிய எவன் உள்ள விடுவான்?" என்று சிரித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். ஒரு மாதம் இருந்தால் பெரிய விஷயம். அவளிடம், புண்ணுக்கு மருந்து போடுகிறோம் என்று மட்டும் சொன்னார்கள்.

மருந்து ஒரு சாதாரண மாத்திரை. நர்ஸ் தினமும் ஆஸ்பத்திரி அறைக்கு வந்து அதைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுப் போட்டாள். புண்ணில் பெருகும் கிருமிகளை அது கொல்லும். நான்காம் நாள் நாற்றம் போய்விட்டது. ஏழு மாதம் சோடாவும் கரியும் முட்டி மோதிய நாற்றம். ஏழு மாதத்துக்கு முன்பே அந்த மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் இருந்தது.

அம்மா தலை வாரிக்கொண்டாள். முதலாளியை வரச் சொல் என்றாள். அதுவரை அறை வாசல் பக்கம்கூட யாரையும் விடாதவள்.

"மூக்கம்மா, நீ இல்லாம என் கடையே நாறுது" என்றார் அவர்.

"உங்க கடை நான் வர்றதுக்கு முன்னாடியும் நாறினதுதான். திங்கக்கிழமை வந்துடறேன், தண்ணித் தட்டை எவனும் தொட்டிருக்க மாட்டான்."

"தொடலை."

"தெரியுமே."

அவர் போன பிறகு கட்டுப் போட்ட இடத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். மூக்கு அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

"போயிடுச்சு இல்லடா?"

"போயிடுச்சும்மா."

"அப்போ சரியாயிடுச்சு."

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் கணக்கு. நாற்றம் போனால் வண்டி தேறிவிட்டது. நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் தப்பான பரிசோதனை முடிவுக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் என் தொழில். அவளுடைய உடம்பு, அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நாற்றம் கிருமியால் வந்தது, மருந்து கிருமியைக் கொன்றிருக்கிறது, கட்டி அப்படியே இருக்கிறது, நுரையீரலிலும் இருக்கிறது என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

கடைசிவரை கேட்டாள். கட்டுத் துணியை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த நர்ஸுப் பொண்ணுக்கும் இது தெரியுமா?"

"தெரியும்."

"அவ தினமும் வந்துட்டுப் போறா. ஒரு வார்த்தை சொல்லலை பாரு. நல்ல பொண்ணு."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"திங்கக்கிழமை வர மாட்டேன்னு அவர்கிட்ட நீயே சொல்லிடு. இங்க இனிமே யாரும் வர வேண்டாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒன்பதாம் நாள் இறந்தாள். அதுவரை என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.