வாடகைக்கு விட ஓர் அறை

எங்கள் வீட்டில் வட்டி கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. மார்க்கத்தில் விலக்கியது. அதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்பது பெரிய தொல்லை. பேங்கில் போட்டால் வட்டி சேர்ந்துகொண்டே போகும். வீட்டில் வைத்தால் கரைந்துவிடும். நகையாக்கினால் கல்யாணத்துக்கு யாராவது இரவல் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் மனத்தாங்கல். அப்படித்தான் எனக்கு அறை வாங்கும் ஆசை வந்தது. கடன் இல்லாமல் மொத்தமாகக் கொடுத்து ஒரு சின்ன அறையை வாங்கி வாடகைக்கு விடுவது. வாடகை வட்டியில் சேராது.

எங்களுக்குப் பம்பாய்த் தாராவியில் தோல் பட்டறை. கீழே பர்ஸும் பெல்ட்டும் தைக்கிறோம். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நானும் அவரும் மகளும் குடியிருக்கும் வீடு. நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடம் உழைத்துச் சேர்த்ததை எல்லாம் அந்த அறையில்தான் போடப்போகிறோம். தப்பாகப் போனால் திரும்ப ஒருமுறை சேர்க்க எங்களுக்கு வயது இல்லை. அந்தப் பயத்தில்தான் நான் எல்லாவற்றையும் நோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கப் பயம் போய் ருசி வந்துவிட்டது.

செம்பூர் பக்கம் புரோக்கர் வேலை பார்க்கும் எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர், தேவ்நாரில் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினார். மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு அடுக்களை, உள்ளேயே கக்கூஸ். சொந்தக்காரர் ஒரு மராட்டிக்காரப் பெண்மணி. பூனாவில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறாராம்.

முதல் நாளே பட்டறையில் தோல் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். புரோக்கர் சொன்ன சதுர அடிக்கும் என் டேப் சொன்னதற்கும் ஒட்டவே இல்லை.

"அது பில்டப் யக்கா. செவரு, மாடிப்படி எல்லாஞ் சேத்து," என்றார்.

"செவருக்குள்ள யாரு குடியிருக்கப் போறா?"

"எல்லா எடத்துலயும் அப்படித்தான். நீங்க புதுசா கேக்கீக."

தோலையும் நாங்கள் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குகிறோம். நடுவில் ஓட்டை இருந்தால் அதைக் கழித்துத்தான் விலை பேசுவோம். இங்கே என்னடாவென்றால் நடக்கவும் படுக்கவும் முடியாத இடத்தையும் சேர்த்து விற்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. உள்பக்கம் கால் வைக்கிற இடத்தை மட்டும் கணக்கிட்டுத்தான் விலை பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு போகிற வழியெல்லாம் அந்த அறைதான். விடியற்காலையில் போய்த் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்த்தேன். உச்சி வெயிலில் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அடைமழை நாளில் எல்லாரும் வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் நான் குடையோடு பஸ் ஏறிப்போய், கூரையின் மூலைகளில் கசிவு இருக்கிறதா என்று அண்ணாந்து நின்றேன். பக்கத்துக் கதவுகளைத் தட்டி சொசைட்டிக்கு மாதம் எவ்வளவு, யாருக்கும் யாருக்கும் சண்டை, மோட்டார் கெட்டால் யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் கேட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க இப்படி ஒரு நல்ல சாக்கு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே வீடு வாங்கக் கிளம்பியிருப்பேன்.

வீட்டுக்காரர் கேலி செய்தார். "கல்யாணத்துக்கு முன்ன என்னைய ஒரு தடவகூட நீ ஒழுங்கா பாக்கல. இந்த ரூம இத்தன தடவ பாக்குத."

"அதனாலதான் பாக்கேன்," என்றேன்.

அந்தப் பெண்மணியையும் எனக்குப் பிடித்துப்போயிற்று. எப்போது போனாலும் சாயா கொடுப்பார். வீடு துடைத்து வைத்தது போல இருக்கும். கிழக்கு ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும், ஓர் ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும். சுத்தமானவர், பக்தியானவர் என்று நினைத்துக்கொண்டேன். என் மகளும் அப்படித்தான். புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் ஏணி வாசல் பலகையை மூடிவிட்டு ஒரு பத்தி கொளுத்தி வைப்பாள். நல்ல பழக்கம் என்று சொந்தக்காரர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

விலை படிந்தது. முன்பணமாக டோக்கன் கொடுக்க வேண்டிய நேரத்தில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்துவிட்டது. ஊருக்குப் போய்விட்டு வந்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கல்யாணம், விருந்து, மறுவீடு என்று ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வந்து பட்டறை ஷட்டரைத் தூக்கியதும் எனக்கு மூச்சு அடைத்தது. தோல் ஒட்டும் பசையின் நெடி கண்ணில் தண்ணீர் வரவைத்தது. ஏதோ டின் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றும் கவிழவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

மறுநாள் காலை டோக்கன் பணத்தோடு தேவ்நார் போனேன். கட்டடத்தின் முதல் மாடியிலேயே ஏதோ அழுகிய வாடை. எலி செத்துக் கிடக்கும் என்று ஏறினேன். மூன்றாவது மாடியில் ஊதுபத்தியோடு கலந்து அது இன்னும் அதிகமாக இருந்தது. நேராகப் போய் அந்தக் கிழக்கு ஜன்னலைத் திறந்தேன். புகைந்த குப்பையின் வாடை முகத்தில் வந்து மோதியது. அந்தப் பெண்மணி சாயாக் கிளாஸோடு என் பின்னால் நின்றார்.

"கச்ரா ஜல்தா ஹை நா," என்றார், அதில் என்ன புதுசு என்பது போல. பக்கத்துக் குப்பைமேடு எரிகிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. இத்தனை தடவை மூக்கை முகத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றவளிடம் அதை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? நான்தான் கேட்காமல் விட்டேன். தண்ணீரைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், காற்றைப் பார்க்கவில்லை.

கீழே புரோக்கர் நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மாடிப்படியிலேயே கத்தியிருப்பேன்.

"இந்த நாத்தத்த ஏன் சொல்லல?"

அவர் நிஜமாகவே விழித்தார். "யக்கா, மாட்டுங்கால இருந்து ரெண்டு வசதியான பார்ட்டி வந்தாவ. ரெண்டு பேரும் பாதிப் படிலயே திரும்பிட்டாவ. நீங்க இத்தன தடவ வந்தும் ஒரு வார்த்த சொல்லல. தாராவில பட்டற வச்சிருக்கவங்க, ஒங்களுக்கு இது ஒத்துப்போச்சுன்னுல்லா நெனச்சேன்."

"எனக்கு ஒத்துப்போவும். வாடகைக்கு வர்றவன் இருப்பானா?"

"நம்ம ஆளுங்களயே வைங்க. தோல் வேல, பிளாஸ்டிக் வேல பாக்குறவங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, வழி சொன்னார். அதுதான் சுருக்கென்றது. மாட்டுங்காக்காரருக்குக் காட்டக்கூடாத அறையை எனக்குக் காட்டலாம், நான் அதை இன்னொரு தாராவிக்காரனுக்குத் தள்ளிவிடலாம். யோசித்தால் கணக்கு சரியாகத்தான் வரும், வாடகையும் வந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் நான் யோசிக்கவும் செய்தேன். பிறகு டோக்கன் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டறையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பசை நெடியைத் தாண்டி ஏணியில் ஏறினேன். மேலே வாசல் பலகை மூடியிருந்தது. தட்டினேன். மகள் திறந்தாள். படிக்கும் மேஜையில் பத்தி எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்குப் பத்தி கொளுத்துத?" என்று கேட்டேன்.

"ஸ்மெல் வருதுல்ல உம்மா."

"எப்போ இருந்து?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எப்பவுமே. ஹமேஷா. ஏன்?"

அப்படியே ஏணிப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வெளியே நல்ல காற்றில் இருந்துவிட்டு, தினமும் இதற்குள் திரும்பி வந்திருக்கிறாள். பட்டறையை விட்டு நகராத எங்கள் மூக்குதான் மரத்துப்போயிருந்தது.

இரவு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாடகைக்கு விட வேண்டாம். நம்ம போயி இருக்குத மாதிரி பாப்போம்," என்றேன்.

"அப்போ காசு ஒண்ணும் திரும்ப வராதே?"

"வராது."

சரி என்று தலையாட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் பட்டறையில் எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை. டின்னைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், அப்போதும் லேசாகத்தான் தெரிந்தது. இப்போது ஆண்டாப் ஹில்லில் ஒரு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டேப்போடு நான் சுவரை அளக்கிறேன். மகள் ஜன்னல்களைத் திறந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று மூச்சை இழுக்கிறாள். அவள் திரும்பிப் பார்த்து வாயைத் திறக்கும்வரை நான் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.