அம்மையின் முறை வரும்வரை

அப்பா போய் ஓராண்டு ஆகிறது. பூசை முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களே, நண்பர்களே, ஒரு நிமிடம் நின்று இதையும் வாசியுங்கள்.

அப்பா பிறந்ததும், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக உழைத்ததும் இதே கடற்கரையில்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். வளர்த்த சித்திக்கு அது மழைக்காலம் என்பது தவிர வேறெதுவும் நினைவில்லை. இறந்த நாள் தெரியாததால் ஆண்டுத் திருப்பலி வைக்க முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான கல்லறைத் திருநாளில்தான் தாய்க்கு மெழுகுதிரி கொளுத்துவார். அந்த நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

2004 தொடக்கத்தில் கடற்கரைத் திருச்சபையின் வரலாற்றை ஆராய ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மையாரும் லிஸ்பனிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்தனர். அவர்களுக்காகவே பங்குத்தந்தை பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து பழைய மரணப் பதிவேடுகளை எடுத்தார். பேராசிரியர் முதல் வாரமே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிட்டார். போர்த்துகீசிய வரிகளை அவரும், புள்ளியில்லாத பழைய தமிழெழுத்தை அப்பாவும் வாசிக்க, அம்மையார் எழுதிக்கொண்டார்.

ஆனால் அப்பா ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். முதலில் கடிகாரத்தைப் பார்த்த விருந்தினர்கள் பிறகு தாங்களும் சேர்ந்து சொன்னார்கள். மத்தியான வெயிலில், அலைச் சத்தத்தில், மூன்று நாட்டுக் குரல்களைக் கேட்டுக் கண்ணயர்வேன். இறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைக் கேட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

“உங்க அம்மைக்க பக்கத்த முதல்ல புரட்டிப் பாத்தா என்னவாம்?” என்று சண்டை பிடிப்பேன்.

“முன்னால இத்தற பேரு நிக்காவ. இடையில கேறலாமா மக்களே? அம்மைக்க முறை வரட்டும்.”

முறை வருமுன், அந்த டிசம்பரில் கடல் வந்தது. ஏடுகள் பெட்டியோடு போயின. ஊரே பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்றபோது காகிதத்துக்காக அழ அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கோ அவர்மேல் கோபம்தான் வந்தது. அதை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

லிஸ்பனில் இருந்த படங்கள் கைகொடுத்தன. பேராசிரியர் அனுப்ப, அம்மையார் தெளிவாக்கி எனக்கு மின்னஞ்சல் செய்வார். நான் பெரிதாக அச்செடுத்துத் தர, அப்பா வாசித்து எழுதியது திரும்பிப் போகும். ஆண்டுகள் ஓடின, கண் மங்கியது. தாய் இறந்த வருடத்துப் பக்கங்களை முதலில் அனுப்பட்டுமா என்று அம்மையார் போனில் கேட்டபோதும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசி மழைக்காலத்தில், கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“வந்தாச்சு மக்களே.”

நாளும் மாதமும் தெளிவாக இருந்தன. அந்த நாளில், முதல்முறையாக, தாய்க்குத் திருப்பலி வைத்தார். அன்று அவர் குழந்தைபோல் அழுதார். மழை ஓய்வதற்குள் அவரும் போய்விட்டார்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், பெட்டியைத் திறந்த பங்குத்தந்தைக்கும், தூரதேசத்து இரு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோயிலின் புதிய ஏட்டில் இப்போது அப்பாவின் பெயர் இருக்கிறது. என்றாவது எந்த நாட்டிலிருந்தாவது ஒருவர் வந்து அதை வாசித்தால், அந்த வரியில் நிறுத்தி ஒரு ஜெபம் சொல்லட்டும். அவசரமில்லை. அப்பா தன் முறைக்குக் காத்திருப்பார்.