பாதிச் சாண் கப்பி

இரண்டாவது யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஒரு மாசி மாதத்தில், பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகிற ரோட்டில் இது நடந்தது. அப்போது எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். எனக்கு இருபத்தெட்டு வயது. இத்தனை காலம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிலர் சிறைக்குப் போயிருப்பார்கள். இன்று அந்த ராஜ்யமும் இல்லை, சிறைக்குப் போயிருக்க வேண்டியவர்களும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மண் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி. கொஞ்சம் பிரெஞ்சு எல்லை, அதன் நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ் எல்லை, மறுபடி பிரெஞ்சு. ஏர் ஒரு ராஜ்யத்தில் திரும்பும், மாடு இன்னொரு ராஜ்யத்தில் மூத்திரம் பெய்யும். அந்த ரோடும் அப்படித்தான். பாதி வழியில் மூன்று வயல் நீளத்துக்கு இங்கிலீஷ்காரன் மண்ணில் இறங்கி ஏறும். இறங்குகிற இடம் பள்ளம். மழைக் காலத்தில் ஏரித் தண்ணீர் வழிந்து அங்கேதான் தேங்கும். மாடு முட்டி வரை இறங்கும், வண்டி அச்சு வரை இறங்கும். ஆனால் நான் சொல்கிற அந்த வருஷத்துக்கு முந்திய இரண்டு மழையிலும் அங்கே ஒரு வண்டியும் புதையவில்லை. ‘இங்கிலீஷ்காரன் நல்லா ரோடு போட்டுட்டான்’ என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து ரோடும் அதே சமயத்தில் போடப்பட்டதுதான். புதுச்சேரி சர்க்காரிடமிருந்து அதற்குப் பணம் வாங்கி வந்தவர் எங்கள் கொம்யூனின் மேர், அதாவது எங்கள் வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் தேர்தலில் வந்த தலைவர். பெரிய நிலக்காரர், குறைவாகப் பேசுகிறவர். தேர்தல் வந்தால் அவர் சொல்லுகிற ஒரே வாக்கியம், “ரோட்டைக் கொண்டாந்தேன்” என்பது. எங்கள் கட்சியில் அவரை எதிர்த்து அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

அந்த வருஷம் ஒருவர் திறந்தார். அதே கட்சிக்காரர்தான். கரையாம்புத்தூர்ப் பக்கம் கரும்பு வைக்கிறவர், சொந்தமாக இரண்டு வண்டி உண்டு. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்தத் தடவை கட்சி தன்னைத்தான் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். அவர் வாதம் சுருக்கமானது. உடைத்த கருங்கல் கப்பியை ஒரு சாண் கனத்துக்குப் போடச் சர்க்கார் பணம் கொடுத்தது. பணம் வந்தது, கப்பி எங்கே?

நோட்டீசு எழுதியது நான். வார்த்தைகள் என்னிடம் வந்து குதிரைபோல் கனைத்துக்கொண்டிருந்த வயது. ‘இங்கிலீஷ் எல்லையில் சக்கரம் பாடுகிறது, நம் எல்லையில் சக்கரம் அழுகிறது. பாட வேண்டிய கல் யார் வயிற்றில் கிடக்கிறது?’ என்று எழுதினேன். அச்சான மறுநாள் கடைக்குக் கடை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மேர் வில்வண்டியில் போகும்போது ஒருவன், “வயிறு இன்னா, கல்லு மாதிரி இருக்குதா மேர் ஐயா?” என்று கூவினான். அவர் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாகூர் நெல் மில் களத்தில் கட்சிக் கூட்டம். யார் நிற்பது என்று அங்கே கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் ஊராரை அழைத்துக்கொண்டு ரோட்டை நடந்தே அளந்துவிடுவது என்று கிளம்பினார். முப்பது பேர் இருக்கும். தோண்டுவதற்கு ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்திருந்தோம். நாற்பது வயதிருக்கும், அந்த ரோடு போட்டபோது கப்பி உடைத்துச் சுமந்த கும்பலில் ஒருத்தி. கடப்பாரையை அவள் பிடித்த பிடியில் எங்களில் பாதிப் பேருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். மாறாக, “திருடனுக்குக் கல்லு சொமந்த கையி, நல்லாத்தான் தோண்டுது” என்றான் ஒருவன். அவள் நிமிரவே இல்லை.

ரோட்டோரத்தில் பத்துப் பனைக்கு ஓரிடம் என்று தோண்டினோம். அண்ணன் குனிந்து கையை விரித்துக் குழிக்குள் வைப்பார். பாதிச் சாண். அடுத்த இடம், பாதிச் சாண். அதற்கடுத்தும் அப்படியே. ஒவ்வொரு குழிக்கும் கூட்டத்தின் சத்தம் ஏறியது. வெற்றி என்பது சாராயத்தைவிடச் சீக்கிரம் தலைக்கு ஏறும். எல்லைக்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் நடக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தோம்.

அங்கே கூட்டம் நின்றுவிட்டது. கடப்பாரையோடு இங்கிலீஷ் மண்ணில் கால் வைத்தால் அவன் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் மட்டும் நிற்கவில்லை.

“அவன் எவ்ளோ கனம் போட்டிருக்கான்னு பாத்துட்டா கணக்கு தீந்துது. நீ வா, நீயும் வாம்மா” என்றார். மற்றவர்கள் பனை நிழலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மூவர் பள்ளத்தில் இறங்கினோம்.

அந்தப் பெண் தோண்ட மறுத்தாள். “இங்க வாணாம் சாமி.”

“ஏம்மா?”

“வாணாம்னா வாணாம். அதான் வண்டி போவுதில்ல.”

கைவலியோ, போலீசு பயமோ என்று நினைத்து அண்ணன் கடப்பாரையை வாங்கித் தானே குத்தினார். இரும்பு கல்லில் பட்டுக் கணீரென்றது. மேல் மண்ணை நான் கையால் தள்ளினேன். ஒரு சாண் தாண்டியும் கப்பி முடியவில்லை, நெருக்கி நெருக்கி. அண்ணன் ஒரு கல்லைப் பெயர்த்து வேட்டியில் துடைத்தார். துடைத்த கை நின்றது.

கல்லின் ஒரு முகத்தில் மங்கிய நீலம்.

அந்த நீலத்தை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கப்பியை அளந்து குவித்து வைத்ததும், யாரும் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க ஓவர்சீயரின் ஆள் மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பான். எங்கள் கொம்யூனில் மட்டும் அதில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைப்பார்கள், அடுத்த சீமைக் குவியலோடு கலந்துவிடக் கூடாதென்று. இரண்டாவது கல்லிலும் நீலம். மூன்றாவதிலும். இங்கிலீஷ்காரன் போட்ட ரோடு என்று நான் பாட்டுக் கட்டிய ரோட்டில் ஒரு கல்கூட இங்கிலீஷ்காரனுடையதில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

“ரோட்டு வேல நடந்துக்கினு இருந்தப்ப, ஒரு மழ நாளு, என் தங்கச்சிக்குப் புள்ள வலி எடுத்துது சாமி. வண்டியில போட்டுக்கினு பாகூரு போனோம். இந்தப் பள்ளத்துல வண்டி எறங்கிடுச்சு. தூக்குனோம், தள்ளுனோம், ஒண்ணும் ஆவல. இங்கயே போயிட்டா. புள்ளையும் போச்சு” என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுநாள் காலை மேர் வேலையிடத்துக்கு வந்தாராம். இந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தாராம். பிறகு ஓவர்சீயரையும் கும்பலையும் கூட்டி வைத்து, நம் பக்கத்துக் கனத்தில் பாதியை எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக இங்கே போடுங்கள் என்றாராம். பிரெஞ்சுப் பணத்தை இங்கிலீஷ் மண்ணில் போட்டது தெரிந்தால் தனக்கும் ஓவர்சீயருக்கும் சிறை, கல் சுமந்தவர்களையும் விடமாட்டார்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றாராம்.

“எங்க ஆளு ஒருத்தரும் தொறக்கல” என்றாள். “திருடன் கூலின்னாங்க. கேட்டுக்கினு போனோம். நீங்க சொல்லிடுவீங்களா சாமி?”

நான் அந்த இடத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? அடுத்த நோட்டீசை நினைத்தேன். ‘நம் கல் அந்நியன் மண்ணில்’ என்று தலைப்பே வந்துவிட்டது. அண்ணன் காதருகே போய், “திருட்டைவிட இது பெருசு அண்ணே. இதச் சொன்னா அந்தாளு எழுந்திருக்கவே முடியாது” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கல்லைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே பேசினார். “ரெண்டு மழையா என் கரும்பு வண்டி ஒருவாட்டியும் இங்க பொதையல. ஒவ்வொரு வாட்டியும் இங்கிலீஷ்காரன் நல்லா இருக்கட்டும்னு சொல்லிக்கினு போனேன்டா.” அப்புறம் அவளிடம், “எழுந்திரும்மா. வெயிலு ஏறுது” என்றார். அவள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

மேலே வந்ததும், “இன்னா கெடச்சுது?” என்று கேட்டார்கள். “ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்றார் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். களம் நிறைய ஜனம். மேர் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், தண்டனைக்கு வந்தவர் போல. களத்தில் கை எல்லாம் எங்கள் பக்கம். எண்ண வேண்டிய தேவையே இல்லை. அண்ணன் எழுந்து நின்றார்.

“ரோட்டுப் பணத்த யாரும் தின்னல. நான் சொன்னது தப்பு. மேர் ஐயாவே நிக்கட்டும், நான் ஒதுங்கிக்கறேன். ஏன்னு யாரும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன்.”

ஒரு மூலையிலிருந்து, “எவ்ளோ வாங்குன?” என்று ஒரு குரல். அப்புறம் களம் முழுவதும் அதுதான். மூன்று நாள் முன்னால் அவரைத் தோளில் தூக்கத் தயாராக இருந்தவர்கள்தான் கத்தினார்கள். “கரும்பு விக்கிறவன் ஊரையும் வித்துட்டான்பா” என்றான் ஒருவன், எல்லோரும் சிரித்தார்கள். என் தோளைத் தட்டி ஒருத்தன், “நோட்டீசுக்காரே, ஒனக்கு இன்னா பங்கு?” என்றான். என் நாக்கில் அத்தனை வார்த்தைகளும் இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. வார்த்தைக்கு எடை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேர் தலையை நிமிர்த்தினார். அண்ணனைப் பார்த்தார். அங்கிருந்து அவர் பார்வை களத்து வாசலுக்குப் போனது. நெல் மூட்டைப் பக்கம் கூலிப் பெண்களோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கணம் அந்த முகத்தில் தெரிந்தது பயம் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

அவர் எழுந்து நேராக அண்ணனிடம் வந்தார். கூச்சல் அடங்கியது. “நான் ஒரு வார்த்தை சொல்லணும்” என்று ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். எதிராளியின் பெயர் தன் கண்முன் சேற்றில் மிதிபடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகத் தயாராகத்தான் அவர் வாயைத் திறந்தார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “ஒக்காருங்க ஐயா. நீங்க மட்டுமா போவீங்க? அந்த சனங்களும்ல போவும்” என்றார்.

நான் கோயில் கருவறைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், கடலில் புயல் எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத ஒரு சிலிர்ப்பு, நெல் உமி பறக்கிற அந்தக் களத்தில், இரண்டு நடுத்தர வயது ஆண்கள் கை பிடித்து நின்றதைப் பார்த்து வந்தது. மேர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். அவரையே நிறுத்துவது என்று முடிவாயிற்று.

அண்ணன் அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ‘வித்துட்டவன்’ என்ற பெயர் அவர் வண்டிக்கு முன்னால் ஓடி ஊருக்கு ஊர் போய் நின்றது. அவர் சொந்தத் தம்பியே வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தடவை பொறுக்காமல், “எங்கிட்டயாவது கோவப்படுங்க அண்ணே, அந்த நோட்டீச எழுதுனவன் நான்தான” என்றேன். “படிச்சுட்டுக் கை தட்டுனவன் நான்தானடா” என்று சிரித்தார்.

கையில் ஜெயிக்கிற வார்த்தை இருந்தும் அதைச் சொல்லாமல் தோற்ற ஒரு மனிதருக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். இன்றும் யாரையாவது குற்றம் சொல்லி எழுத உட்கார்ந்தால், அந்த ஆள் சொல்லாமல் வைத்திருப்பது என்னவாக இருக்கும் என்று நினைக்காமல் என் பேனா முதல் எழுத்தைக்கூடப் போடுவதில்லை.